வோக்கல் கொஞ்சம் ஏத்துங்க ப்ரோ

வீட்டு அறையில் ரெக்கார்ட் செய்து லேப்டாப்பிலேயே மிக்ஸ் செய்த (தனித்தனியே பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்த்த) ராக் பாட்டை நாலு பேரிடம் கேட்கக் கொடுத்தால், பெரும்பாலும் திரும்பி வருவது ஒரே பதில்: "செம ப்ரோ, வோக்கல் மட்டும் கொஞ்சம் ஏத்துங்க." சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். பொய்யும் சொல்லவில்லை, அவருக்குக் குரல் உண்மையிலேயே சரியாகக் கேட்கவில்லை. பாட்டுக்காரர் உடனே குரலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை 2 டெசிபல் தூக்குகிறார். அடுத்த பதில், "இப்ப கிட்டார் பின்னாடி போயிடுச்சு." கிட்டார் ஏறுகிறது. அதற்கடுத்து, "டிரம்ஸ்ல பஞ்ச் இல்ல மச்சி." ஸ்னேரும் கிக்கும் ஏறுகின்றன. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எல்லாமே 3 டெசிபல் ஏறி, எல்லா ட்ராக்கும் வந்து சேரும் மாஸ்டரில் உட்கார்ந்து உச்சங்களை அடக்கும் லிமிட்டர் 7, 8 டெசிபல் அமுக்கிக்கொண்டிருக்கும். குரலுக்கும் கிட்டாருக்கும் உள்ள விகிதம் முதல் நாள் இருந்த இடத்துக்கே வந்திருக்கும். லிமிட்டர் அமுக்கியதில் ஸ்னேரின் அடி மட்டும் செத்துப்போயிருக்கும்.

இத்தனை பேர் அக்கறையோடு கேட்டுச் சொல்லியும் மிக்ஸ் ஏன் கெட்டுப்போகிறது என்பது நெடுநாளாக என்னை உறுத்தும் விஷயம். அந்த ஒரு வாக்கியத்துக்குள் குறையும் வைத்தியமும் ஒட்டிக்கொண்டே வருகின்றன என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். "குரல் கேட்கவில்லை" என்பது குறை. "ஏத்துங்க" என்பது வைத்தியம். கேட்பவரின் காதை முழுக்க நம்ப வேண்டும். அவர் சொல்லும் வைத்தியத்தை அப்படியே செய்யக் கூடாது. அவருக்குத் திறமை போதாது என்று சொல்லவில்லை. அவர் காதில் விழுந்தது இரண்டு சானலாகச் சுருங்கிய ஒரு ஃபைல். குரல் கேட்காமல் போனதற்கு அந்த ஃபைலுக்குள் ஏழெட்டுக் காரணங்கள் இருக்கலாம். எது என்று தேடிப் பார்க்கக்கூடியவர், ட்ராக்குகளைக் கையில் வைத்திருப்பவர் மட்டும்தான்.

தேடுவதற்கு அவருக்குச் சில தகவல்கள் வேண்டும். பாட்டின் எந்த நொடியில், எந்த ஸ்பீக்கரில், எவ்வளவு சத்தத்தில் கேட்டது, எதோடு ஒப்பிட்டுச் சொன்னது? இவை இல்லாத அபிப்பிராயத்தால் மிக்ஸில் எதையும் உருப்படியாகச் செய்ய முடியாது.

எதில் கேட்டீர்கள், எவ்வளவு சத்தத்தில்?

முதலில் சத்தம். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட வளைகோடுகள் காட்டிய உண்மை இன்றும் ஒவ்வொரு மிக்ஸிலும் வேலை செய்கிறது. சத்தம் குறையக் குறைய நம் காது அடிப்பகுதி ஒலிகளையும் ஓரளவு உச்சப்பகுதி ஒலிகளையும் இழக்கும். நடுப்பகுதி மட்டும் நிற்கும். குரல் நடுப்பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே வால்யூமை மிகக் குறைத்து வைத்துக் கேட்கும்போதும் குரல் மூழ்குகிறது என்றால், அது உண்மையாகவே மூழ்கியிருக்கிறது. சத்தமாக வைத்தால் மட்டும் மூழ்குகிறது என்றால் சிம்பலும் கிட்டாரின் டிஸ்டார்ஷன் கரகரப்பும் மேலேறி வந்து அதை மூடுகின்றன. இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு. "ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் சின்ன சத்தத்துல கேட்டேன், பேஸ் இல்ல" என்று ஒருவர் சொன்னால், பேஸ் ஃபேடரில் கை வைக்க வேண்டியதில்லை. வெளிவந்த நல்ல பாட்டு ஒன்றை அதே சத்தத்தில் அவரையே கேட்கச் சொல்லி, அதிலும் பேஸ் இல்லையா என்று விசாரித்தால் போதும்.

அடுத்தது அறை. நம் ஊர் வீடுகளில் மிக்ஸ் செய்யும் அறை பெரும்பாலும் 10-க்கு 10. கூரையும் கிட்டத்தட்ட 10 அடி. ஒலிக்கு இதைவிட மோசமான வடிவம் அரிது. ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். சுவருக்குச் சுவர் 3.05 மீட்டர். கணக்குப் போட்டால் 56 ஹெர்ட்ஸில் ஓர் அலை சுவர்களுக்கிடையே நின்றுவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசையிலும் அதே 56. அறையின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அந்த ஒலி ஏறக்குறைய காணாமல் போகும். சுவரோரம் போனால் முழங்கும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். டி-யில் அமைந்த ஒரு பாட்டில் ஏ அடிக்கடி வரும் ஸ்வரம். நடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்பவருக்கு ஏ வரும் இடமெல்லாம் பேஸ் மறைவதுபோல் தோன்றும்; அங்கெல்லாம் ஏற்றுவார். நண்பர் அதைக் காரில் போட்டுவிட்டு, "சில இடத்துல மட்டும் பொதபொதன்னு அடிக்குது" என்பார். "சில இடத்துல" என்ற அந்த இரண்டு சொற்கள் விலைமதிப்பற்றவை. எந்த நொடிகள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அங்கெல்லாம் பேஸ் என்ன ஸ்வரம் வாசிக்கிறது என்று பார்த்தால் குற்றவாளி அறைதான் என்பது தெரிந்துவிடும். ஸ்பீக்கரை அறையின் நீளவாக்கில் வைத்து, முன்சுவரிலிருந்து சுமார் 38 சதவீதத் தூரத்தில் தலை இருக்குமாறு உட்கார்வது பழகிய தொடக்கப்புள்ளி. பேஸை மட்டும் ஹெட்போனில் சரிபார்ப்பது அதைவிட மலிவான வழி.

ஹெட்போனிலும் ஒரு சிக்கல் உண்டு. இடது காதுக்கு வைத்தது வலது காதுக்குப் போகாது. இரு ஓரத்திலும் தள்ளி வைத்த ரிதம் கிட்டார்கள் காதுக்கு வெளியே நிற்கும். குரல் தலைக்குள் நடுவில் தனியாக நிற்கும். எல்லாம் துலக்கமாகத் தெரியும். அதையே ஃபோன் ஸ்பீக்கரிலோ சின்ன ப்ளூடூத் டப்பாவிலோ போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். மோனோவாகச் சேரும்போது ஓரத்துக் கிட்டார்கள் நடுவில் இருக்கும் குரலையும் ஸ்னேரையும்விடச் சுமார் 3 டெசிபல் கூடுதலாக இறங்கும். எனவே "ஃபோன்ல கிட்டார் கம்மியா இருக்கு" என்பது ஓரளவுக்கு இயல்பு. அதற்காக ஸ்டீரியோ மிக்ஸைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் "ஃபோன்ல ஒரு கிட்டார் காணவே இல்ல" என்றால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்த பதிவை) நகலெடுத்து 10, 15 மில்லி விநாடி தள்ளி எதிர்ப்பக்கம் வைத்து அகலம் காட்டியிருந்தால், மோனோவில் அது பல அதிர்வெண்களில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். டபுள் ட்ராக் என்றால் இரண்டு முறை வாசித்ததாக இருக்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இல்லை.

யமஹா 1978-இல் வீட்டு உபயோகத்துக்காகக் கொண்டுவந்த என்எஸ்-10 ஸ்பீக்கர் வெள்ளைக் கோனோடு உலக ஸ்டுடியோக்களில் எல்லாம் இடம்பிடித்ததற்கு அதன் இனிமை காரணமில்லை. அதில் பேஸ் குறைவு, 1.5, 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். குரலும் கிட்டாரும் மோதும் பகுதியை அது மறைக்காமல் காட்டியது. பல ஸ்பீக்கர் வாங்கப் பணமில்லாத வீட்டுக் கலைஞருக்கு, வேறுவேறு கருவிகளில் கேட்கும் நண்பர்களே இந்த வேலையைச் செய்கிறார்கள். அதனால்தான் எதில் கேட்டார் என்று தெரிந்துகொள்வது அவ்வளவு முக்கியம்.

0:49

இப்போது ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவோம். வேகம் 140. டிராப் டி ட்யூனிங், அதாவது அடிக்கம்பியை ஈ-யிலிருந்து டி-க்குத் தளர்த்தியது. ஆம்ப் சிமுலேட்டர் (ஆம்ப்ளிஃபையரின் ஒலியைப் போலச் செய்யும் மென்பொருள்) வழியாக வெர்ஸில் இரண்டு ரிதம் கிட்டார், கோரஸில் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதி) நான்கு, மேலே ஒரு லீட். பேஸ் நேரடி டிஐ, அதாவது ஆம்ப் இல்லாமல் நேரே பதிந்தது. டிரம்ஸ் புரோகிராம் செய்தது. குரல், படுக்கையறையில் கண்டென்ஸர் மைக்கில். கோரஸ் 0:49-இல் தொடங்குகிறது. மூன்று பேர் சொன்னது ஒன்றே: கோரஸில் குரல் கேட்கவில்லை. மூன்று பேரும் அதே இடத்தைச் சுட்டுவதால் சந்தேகமே வேண்டாம், அங்கே ஏதோ இருக்கிறது.

குரல் ஃபேடரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். கோரஸில் எல்லா ரிதம் கிட்டார்களையும் சேர்த்த பஸ்ஸை 2 டெசிபல் இறக்கிக் கேளுங்கள். குரல் சட்டென்று முன்னே வந்தால் அளவில் குறையில்லை; கிட்டார் அதை மூடியிருக்கிறது. வரவில்லை என்றால் கிட்டாரைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விட்டு, சிம்பலையும் அதே மாதிரி இறக்கிப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால்தான் குரலின் பக்கம் திரும்ப வேண்டும். சோலோ பட்டனை இந்த வேலைக்கு நம்பக் கூடாது. தனியாகக் கேட்டால் எந்தக் குரலும் தெளிவாகத்தான் இருக்கும்.

பெரும்பாலும் கிட்டாரில்தான் மாட்டும். டிஸ்டார்ஷன் என்பது வாசித்த ஸ்வரத்தின் மேல் ஹார்மோனிக்குகளை (அதன் மடங்குகளான மேல் ஒலிகளை) அடுக்கிக்கொண்டே போவது. டிராப் டி-யின் அடிக்கம்பி 73.4 ஹெர்ட்ஸ்தான், ஆனால் கெயினை (டிஸ்டார்ஷனைக் கூட்டும் குமிழை) முறுக்கியபின் அது 5 கிலோஹெர்ட்ஸ் வரை இடைவெளியில்லாமல் நிரப்பிவிடும். சொற்களின் மெய்யொலிகள் புரிவது 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில். நான்கு கிட்டார் அங்கே படுத்திருந்தால் குரலை எவ்வளவு ஏற்றினாலும் உயிரொலிகள்தான் பெரிதாகும், சொல் புரியாது. அதனால்தான் ஏற்றியபின் "சத்தமா இருக்கு, ஆனா என்ன பாடுறாங்கன்னு புரியல" என்று அடுத்த பதில் வருகிறது. கிட்டார் பஸ்ஸில் 2.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸில் அகலமாக 2, 3 டெசிபல் வெட்டினால் போதும். குரல் வரும்போது மட்டும் அந்த வெட்டு விழுமாறு டைனமிக் ஈக்யூவை (தேவைப்படும்போது மட்டும் ஒரு பகுதியைக் குறைக்கும் கருவியை) குரலோடு சைட்செயின் செய்தால், அதாவது குரலே அதை இயக்குமாறு இணைத்தால், இன்னும் நல்லது. பாட்டு இல்லாத இடங்களில் கிட்டாரின் கடி அப்படியே இருக்கும்.

அதைவிட நல்ல வழி கெயினைக் குறைப்பது. ஒற்றைக் கிட்டாரில் பெரிதாகத் தோன்றும் கெயின், நான்கு அடுக்கியதும் சேறாகிவிடும். தனியாக 7-இல் இருந்த குமிழை 4, 5-க்கு இறக்கினால் கேட்பதற்கு நான்கும் சேர்ந்து முன்பைவிடக் கனமாக இருக்கும்; கம்பியில் பிக் படும் அடி தெரியும். டிஐ ட்ராக்கைத் தனியே சேமித்து வைத்திருந்தால் இதை மிக்ஸ் நடுவிலும் செய்யலாம். சேமிக்காமல் ஆம்ப் ஒலியை மட்டும் பதிந்தவர் மறுபடி வாசிக்க வேண்டியதுதான்.

இத்தனையும் சரியாகச் செய்தும் 0:49 எழும்பாமல் போவதுண்டு. இங்கேதான் பெரும்பாலானோர் ப்ளகின் தேட ஆரம்பிக்கிறார்கள். தேட வேண்டிய இடம் 0:49 இல்லை. அதற்கு முந்தைய 20 நொடி. வெர்ஸிலேயே கிட்டார் முழு அகலத்தில் அடிக்கிறது, கிராஷ் சிம்பல் ஒவ்வொரு பீட்டிலும் விழுகிறது, பேஸ் எட்டாம் ஸ்வரங்களில் (பீட்டுக்கு இரண்டு) ஓடுகிறது என்றால் கோரஸுக்குப் போக இடமே இல்லை. கேட்பவர் "கோரஸ்ல குரல் கேட்கல" என்று சொல்வது உண்மையில் "கோரஸ் வந்ததே எனக்குத் தெரியவில்லை" என்பதாக இருக்கலாம். வெர்ஸில் கிராஷை மூடிய ஹை-ஹாட்டாக மாற்றுங்கள். ஒரு பக்கக் கிட்டாரை நிறுத்துங்கள், அல்லது இரண்டையும் 60 சதவீத அகலத்துக்கு உள்ளே இழுத்துக் கோரஸில் ஓரத்துக்குத் தள்ளுங்கள். கோரஸ் தொடங்குவதற்கு அரை பீட் முன்னால் எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள். இவற்றில் எதற்கும் ஒரு டெசிபல்கூடக் கூட்டத் தேவையில்லை.

பிறகு அந்த லீட் கிட்டார். வீட்டு ரெக்கார்டிங்கில் நான் மிக அதிகமாகக் கேட்கும் குறை இது: குரல் பாடிக்கொண்டிருக்கும் வரியின் மேலேயே, அதே ஆக்டேவில், ஓர் அழகான லீட் வரி ஓடிக்கொண்டிருக்கும். வாசித்தவருக்கு அதை விட மனம் வராது. ஆனால் இரண்டு ராகவரிகள் ஒரே உயரத்தில் போட்டியிட்டால் கேட்பவரின் கவனம் இரண்டாகப் பிரியும். குரல் கேட்கவில்லை என்றுதான் அவர் சொல்வார், லீட் அதிகம் என்று சொல்லவே மாட்டார். பாடும் வரிக்கு லீடை நிறுத்தி, வரி முடிந்து மூச்சு எடுக்கும் இடைவெளியில் மட்டும் அதை விடுங்கள். குரல் ஃபேடர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அபிப்பிராயம் சொன்ன அதே மூன்று பேரும் "இப்ப வோக்கல் ஏத்திட்டீங்க போல" என்பார்கள்.

குரலிலேயே குறை இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். பயிற்சி குறைந்த பாடகர்கள் வரி முடிவில் மூச்சை விட்டுவிடுவார்கள். கடைசிச் சொல் 8, 10 டெசிபல் விழும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கம்ப்ரஸர் ஒன்றாலேயே 10 டெசிபல் அமுக்கினால் மூச்சும் அறையின் எதிரொலியும் மின்விசிறியின் இரைச்சலும் மேலே வரும். இரண்டு கம்ப்ரஸர்களில் ஆளுக்கு 3, 4 டெசிபல் என்று பிரித்து, மிச்சத்தைச் சொல் சொல்லாக ஃபேடர் ஆட்டோமேஷனில் (ஃபேடரின் அசைவைப் பாட்டோடு பதிந்துவைப்பது) 1, 2 டெசிபல் தூக்குவதுதான் வழி. சலிப்பான வேலை, ஆனால் பலன் இதில்தான் இருக்கிறது. ரிவெர்பை, அதாவது குரலுக்குச் சேர்க்கும் அறை முழக்கத்தை, தமிழில் பாடும்போது இன்னும் கவனமாகப் போட வேண்டும். க்க, ட்ட, ப்ப என்று வரும் இடங்களில் ஒலி ஒரு கணம் முழுக்க அடைபடுகிறது. அந்த அடைப்புத்தான் சொல்லை அடையாளம் காட்டுகிறது. 2.5 நொடி வால் உள்ள ரிவெர்ப் அந்தக் கண நேர நிசப்தத்தை நிரப்பிவிட்டால் எல்லாம் வழவழவென்றாகிவிடும். முன்தாமதத்தை (குரலுக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளியை) 40 முதல் 60 மில்லி விநாடி வையுங்கள். ரிவெர்பில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். இல்லையென்றால் ரிவெர்பைக் குறைத்து, 140 வேகத்துக்கு எட்டாம் ஸ்வர டிலே (குரல் தாமதித்துத் திரும்ப ஒலிப்பது) 214 மில்லி விநாடியைக் குரலுக்கு அடியில் லேசாகப் போடுங்கள்.

இதெல்லாம் செய்து முடித்தபின் சரியாயிற்றா என்று சோதிக்க ஒரு முறை இருக்கிறது. பாட்டை ஒருமுறைகூடக் கேட்காத, வரிகளைப் படிக்காத ஒருவரைப் பிடியுங்கள். கோரஸை ஒரே தடவை போட்டுவிட்டு, காதில் விழுந்ததைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் வெற்றிடம் விட்ட சொற்கள்தான் நீங்கள் ஆட்டோமேஷன் செய்ய வேண்டிய சொற்கள். வரிகளை எழுதியவரும் பாடியவரும் இந்தச் சோதனைக்கு உதவமாட்டார்கள். அவர்கள் மூளை கேட்காததையும் நிரப்பிக்கொள்ளும்.

யாரிடம் கேட்பது

சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்குக் குரல் எப்போதும் எல்லாவற்றுக்கும் முன்னால், தொட்டுவிடும் தூரத்தில் நிற்க வேண்டும். தமிழ்ச் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் மிக்ஸ் செய்யப்படுகின்றன. வரிகள் அங்கே பிரதானம். கனமான ராக்கில் குரல் இசைக்குழுவுக்குள் ஒரு வாத்தியமாக உட்கார்ந்திருக்கும். வீட்டில் அம்மாவிடமோ மாமாவிடமோ போட்டுக் காட்டினால் குரலை ஏற்றச் சொல்வார்கள். அவர்கள் காதுப் பழக்கம் அது. மெட்டல் மட்டுமே கேட்கும் நண்பர் அதே மிக்ஸில் குரல் அதிகம் என்பார். இரண்டு பேரும் சரி. யாருக்காக இந்தப் பாட்டு என்று முடிவு செய்யாதவருக்கு இரண்டு அபிப்பிராயமும் குழப்பமாகத்தான் முடியும். இதற்குத்தான் ஒப்பிட ஒரு பாட்டு வேண்டும்: அதே வேகம், அதே அளவு கிட்டார், வெளிவந்த பாட்டு. அது மாஸ்டர் செய்யப்பட்டு (வெளியீட்டுக்கான கடைசி மெருகு) மைனஸ் 8 எல்யுஎஃப்எஸ் (காது உணரும் சராசரி சத்தத்தின் அளவு) இருக்கும். உங்கள் மிக்ஸ் மைனஸ் 18 இருக்கும். அந்தப் பாட்டை 10 டெசிபல் இறக்கிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். இறக்காமல் ஒப்பிட்டால் சத்தமானதே நல்லதாகத் தோன்றும். 1 டெசிபல் வித்தியாசத்துக்கே காது ஏமாறும். உங்களுடைய பழைய, புதிய மிக்ஸ்களை அனுப்பும்போதும் இதே விதி. கோரஸின் எல்யுஎஃப்எஸ் அளவைச் சமன் செய்து, எது புதியது என்று பெயரில் காட்டாமல் அனுப்புங்கள்.

பாண்டில் உள்ளவர்களிடம் பொதுவாகக் கேட்பது வீண் என்பது என் தீர்மானமான கருத்து. கிட்டாரிஸ்ட் கிட்டார் கம்மி என்பார், டிரம்மர் கிக் கம்மி என்பார். அவரவர் வாசித்ததை அவரவர் காது தேடும். அவர்களிடம் கேட்க வேண்டியது வேறு: "நீ வாசிச்சதுல ஏதாவது தப்பா வந்திருக்கா? எந்த டேக் வேணும்?" இதற்கு அவர்களைவிட நல்ல சாட்சி கிடையாது.

கேட்கும்போதே எல்லைகளைச் சொல்லிவிட வேண்டும். குரலை மறுபடி பாட முடியாது, பாடகர் ஊரில் இல்லை என்றால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். இல்லையென்றால் பாதிப் பேர் சுருதியைப் பற்றியே எழுதுவார்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் வரும். "0:49-லேர்ந்து 1:15 வரைக்கும் வார்த்தை புரியுதா? எந்த இடத்துல சத்தத்தைக் குறைக்கணும்னு கை போச்சு?" என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும். பதில் வரும்போது விளக்கம் கொடுக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் அடுத்த குறையை அவர் சொல்லாமல் விழுங்கிவிடுவார்.

சொல்பவருக்கு

தொழில்நுட்பம் தெரியாதவர்கள் அபிப்பிராயம் சொல்லத் தயங்க வேண்டியதே இல்லை. நம் பேச்சில் இருக்கும் சொற்களே போதும். "பொதபொத" என்றால் பெரும்பாலும் 60 முதல் 150 ஹெர்ட்ஸ். "மந்தமா, போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி" என்றால் 200 முதல் 400 வரை கூடியிருக்கிறது, அல்லது 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இல்லை. "டப்பா சத்தம்" என்றால் 300 முதல் 600. சுவரோரம் நின்று பாடியிருப்பார்கள். "மூக்கால பாடுற மாதிரி" என்றால் 800-இலிருந்து 1.2 கிலோஹெர்ட்ஸ். "காதுல குத்துது" என்பது 2.5 முதல் 4. "பல்லு கூசுது" என்றால் 5 முதல் 8, ஸகரமும் சிம்பலும் உரசும் இடம். இந்த எண்களைக் கேட்பவர் சொல்லக் கூடாது என்றுகூடச் சொல்வேன். "3 கிலோஹெர்ட்ஸ் வெட்டு" என்று அரைகுறையாகச் சொல்வதைவிட "1:02-ல காதுல குத்துது" என்பது பல மடங்கு பயனுள்ளது.

மூன்று தடவை கேட்பது நல்லது. முதல் தடவை எதையும் குறிக்காமல், பாட்டாக மட்டும். எங்கே கவனம் சிதறியது என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும். இரண்டாம் தடவை நேரம் குறித்து. மூன்றாவது வேறு கருவியில். பிறகு இப்படி ஒரு செய்தி எழுதினால் அதை வைத்து ஒரு மாலை முழுக்க வேலை செய்யலாம்:

"மச்சி, வயர் ஹெட்போன், பாதி வால்யூம். 0:48 வரைக்கும் எல்லாம் தெளிவு, ஸ்னேர் அருமையா இருக்கு, அதைத் தொடாத. 0:49-ல பாட்டு பெருசாகும்னு எதிர்பார்த்தேன், ஆகல. ரெண்டாவது வரியில வார்த்தை புரியல, லீட் அதே நேரத்துல வருது. 2:10-ல வலது பக்கக் கிட்டார் ஒரு அடி முன்னாடி விழுந்த மாதிரி இருக்கு. அப்புறம் கார்ல போட்டேன், பேஸ் ஒரு சில ஸ்வரத்துக்கு மட்டும் முழங்குது. மத்தது எல்லாம் ரசனை, அதை நீயே பாத்துக்கோ."

இதில் "தொடாத" என்பது முகஸ்துதி இல்லை. எது நன்றாக இருக்கிறது என்று தெரியாமல் திருத்த உட்காருபவர் அதையும் சேர்த்துக் கெடுப்பார். நல்லதைச் சுட்டுவதும் தகவல்தான்.

மிக்ஸால் தீராத குறைகளைத் தயங்காமல் சொல்ல வேண்டும். உள்ளே வரும்போதே கிளிப் ஆன (அளவு மீறி உடைந்த) குரல், 30 மில்லி விநாடி பிசகிய டபுள் கிட்டார், சுருதி விலகிய பேஸ். இந்தக் கடைசியை யாரும் சந்தேகிப்பதில்லை. கம்பியைத் தளர்த்தி டிராப் டி-யில் ஓங்கி அடிக்கும்போது, அடித்த கணத்தில் சுருதி மேலே ஏறிப் பிறகு இறங்கும். பேஸில் ஓர் அளவும் கிட்டாரில் வேறோர் அளவும் ஏறினால் கேட்பவருக்கு அது சுருதிப் பிழையாகத் தெரியாது. மந்தமாக இருக்கிறது என்பார். மிக்ஸ் செய்பவர் 250 ஹெர்ட்ஸை வெட்டிக்கொண்டே போவார். தடித்த கம்பி போட்டு, பாட்டில் அடிக்கும் அதே வேகத்தில் அடித்து ட்யூன் செய்து மறுபடி வாசித்தால் ஈக்யூ இல்லாமலே அந்த மந்தம் தீரும். அறை எதிரொலியோடு பதிந்த குரலுக்கும் மறுபடி பாடுவதுதான் நேர்மையான யோசனை. மைக்கிலிருந்து 15, 20 சென்டிமீட்டர், மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தடித்த போர்வை. பலரும் மைக்குக்குப் பின்னால் ஃபோம் ஒட்டுகிறார்கள். கார்டியாய்ட் மைக் (முன்னால் வரும் ஒலியையே அதிகம் பிடிப்பது) பார்ப்பது பாடுபவரையும் அவருக்குப் பின்னாலிருக்கும் சுவரையும்தான்.

எத்தனை சுற்று கேட்பது என்பதற்கு ஓர் அளவு உண்டு. முதல் சுற்றில் வெவ்வேறு ஆட்கள் ஒரே நொடியைச் சுட்டுவார்கள். அவற்றைத் திருத்தி, ஒரு நாள் காதுக்கு ஓய்வு கொடுத்து அனுப்பினால் அடுத்த சுற்றில் அந்த நொடிகள் குறையும். ஆளுக்கொரு இடமாகச் சிதறி, ஒருவர் சொன்னதற்கு நேர்மாறாக இன்னொருவர் சொல்லத் தொடங்கினால் மிக்ஸில் குறை தீர்ந்து ரசனை தொடங்கிவிட்டது என்று பொருள். "மத்த பாட்டைவிட சத்தம் கம்மி" என்பது மட்டும் மிஞ்சினால் அது மாஸ்டரிங்கின் வேலை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் பக்கம் சமன் செய்துவிடுவதால் அதற்காக மிக்ஸை அமுக்க வேண்டாம். மாஸ்டரில் சத்தத்துக்காகப் போட்ட லிமிட்டரைக் கழற்றி, உச்சம் மைனஸ் 3 முதல் 6 டெசிபலில் இருக்குமாறு, ரெக்கார்ட் செய்த அதே சாம்பிள் ரேட்டில் 24 பிட் வேவ் ஃபைலாக எடுத்து, குரல் இல்லாத பிரதி ஒன்றையும் கூடவே வைத்து மாஸ்டரிங்குக்கு அனுப்பிவிடலாம்.